பத்துப் பேர் அன்பாகக் கதைத்தும் ஒருவர் முகம் திருப்பியது மட்டும் ஏன் மனதில் நிற்கிறது?

கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்துக் கதைத்தும், மச்சாள் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதே இரவு முழுக்க மனதில் ஓடுகிறது, என் மூளையில் ஏதும் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை. நான் மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகளும் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்.

மூளையில் உள்ள அமிக்டலா என்றால் பயத்தின் இடம் என்றுதான் பலர் படித்திருப்போம். அது பாதி உண்மை. 2015இல் கே டை என்ற விஞ்ஞானியின் குழு சுண்டெலிகளில் பார்த்தபோது, அமிக்டலாவின் ஒரே பகுதியில் இருவகை நரம்புக் கலங்கள் கலந்திருந்தன. சில, விருப்பத்தோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற இடத்துக்கு இழை அனுப்புகின்றன. மற்றவை, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவின் மையப் பகுதிக்கு அனுப்புகின்றன. இனிப்பை எதிர்பார்க்கப் பழகிய எலியில் முதல் வகையின் இணைப்பு வலுத்தது, அடுத்தது தளர்ந்தது. மின் அதிர்ச்சியை எதிர்பார்க்கப் பழகிய எலியில் அப்படியே தலைகீழ். ஆக, விருப்பமும் வெறுப்பும் பக்கத்துப் பக்கத்திலேயே உருவாகின்றன.

சரி, பத்துக்கு ஒன்று எப்படி வெல்கிறது? எனக்குப் படுவது, எதிர்பார்ப்புத்தான் காரணம். டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் கிடைத்ததை மட்டும் பார்ப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கின்றன. எதிர்பார்த்தது வராவிட்டால் ஹபெனுலா என்ற சின்னப் பகுதி உசாராகி அந்தக் கலங்களை அடக்குகிறது. 2007இல் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். குரங்குக்கு வராமல் போன பரிசையும் உங்கள் மச்சாளையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: அந்தப் பத்துப் பேரின் சிரிப்பு நீங்கள் எதிர்பார்த்தபடியே வந்தது, மூளைக்கு அதில் புதுசாக ஒன்றுமில்லை. மச்சாளின் முகம் அப்படியா? தெரியாத ஒருவர் திருப்பியிருந்தால் இந்தளவு நொந்திருக்காது.

2003இல் கணினிப் பந்து விளையாட்டொன்றில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்து மூளையை ஸ்கான் எடுத்தார்கள். உடல் வலியோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதி அங்கே வேலை செய்தது. அதை வைத்து, ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் ஒன்று என்று இணையத்தில் எழுதித் தள்ளுகிறார்கள். 2014இல் நுணுக்கமாகப் பார்த்தபோது இரண்டின் செயல்பாட்டு வடிவமும் வேறுவேறு என்று தெரிந்தது. நோவு உண்மை, அதற்காக அதைக் கை முறிந்த நோவோடு சேர்க்கத் தேவையில்லை.

இனி, மச்சாளை ஒதுக்கி நடக்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. வேண்டாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை, பிழையான விடை சொன்னபோது பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் பேனையின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "மறுகா சொல்றன் டீச்சர்" என்பாள். அந்த மறுகா வரவே வராது. வாய் திறக்காதவரை, இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை என்பதை அவளுடைய மூளை அறிய வழியே இல்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் சொல்லிக்கொடு என்றேன். மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினாள். பெரிய மண்டபத்தில் இன்னும் தயங்குகிறாள், அதுவும் இயல்புதான். பழைய பயம் அழிவதில்லை. முன்மூளைப் புறணியின் உதவியோடு புதிய அனுபவம் அதை அடக்கி வைக்கிறது, இடம் மாறினால் பழையது தலைதூக்கும். அதனால் ஒரு தடவை கதைத்தும் மனம் ஆறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், வேறு வேறு இடத்தில் திரும்பத் திரும்பக் கதைக்க வேண்டும்.

வாரக் கணக்காக நித்திரை இல்லை, ஆட்களைக் காணவே பயம் என்றால் அது வேறு கதை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூச்சப்படாமல் போய்க் காட்டுங்கள்.