அக்கா பசங்களுக்காக ஆபீஸ் ஆபீஸா அலையுற சகோதரிக்கு

கேள்வி: அக்கா, மாமா ரெண்டு பேரும் தவறிட்டாங்க. 9 வயசு, 6 வயசு பசங்கள வேற மாவட்டத்துல இருந்து விழுப்புரம் பக்கம் எங்க கிராமத்துக்கு கூட்டிட்டு வந்துட்டேன். டிசி (பழைய ஸ்கூல் குடுக்குற மாற்றுச் சான்றிதழ்) இல்லாம அரசுப் பள்ளியில சேர்க்க மாட்டேங்குறாங்க. உதவித்தொகை கேட்டா ஒவ்வொரு ஆபீஸும் இன்னொரு ஆபீஸ கைகாட்டுது, கடைசியா கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கன்றாங்க. நேத்து சின்னவன் தாலுகா ஆபீஸ் பெஞ்சுல சாப்பிடாமயே தூங்கிட்டான்.

பதில்: சகோதரி, அந்தக் கடைசி வரிய படிச்சிட்டு மனசே ஆறல. இனிமே பசங்கள இழுத்துக்கிட்டு அலையாதீங்க. துறைகள ஒருங்கிணைக்க வேண்டியது உங்க வேலை இல்ல, 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 30வது பிரிவு அந்தப் பொறுப்ப, ஆதரவில்லாத பிள்ளைங்களுக்காக மாவட்டத்துல இருக்குற குழந்தைகள் நலக் குழுகிட்ட குடுத்திருக்கு.

மொதல்ல ஸ்கூல். கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவுல தெளிவா இருக்கு, டிசி லேட் ஆகுதுன்னு சேர்க்கைய தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இத எழுதி ஹெச்எம் கிட்ட குடுங்க.

அப்புறம் குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு மனு, அதோட நகல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. இறப்புச் சான்று ரெண்டு, பசங்க பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று ஜெராக்ஸ் வைங்க. மிஷன் வாத்சல்யாங்கிற மத்திய அரசு குழந்தைகள் திட்டத்தோட ஸ்பான்சர்ஷிப் உதவித்தொகையில சொந்தக்காரங்க வீட்ல வளர்ற அநாதைப் பிள்ளைகளுக்கு தலைக்கு மாசம் 4000 ரூபாய், 18 வயசு வரைக்கும் உண்டு, கிராமம்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், பசங்க ஒழுங்கா ஸ்கூல் போகணும், அதனாலதான் ஸ்கூல மொதல்ல சொன்னேன்.

கார்டியன் ஆர்டர் பத்தி பயப்படாதீங்க. பசங்க பேர்ல நிலம் வீடு இருந்து அத விக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும், இந்த உதவிக்கு அது தேவையில்ல. ஆர்டர் வேணும்னு ஆபீஸ்ல வாய்ல சொன்னா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, பாதி பேர் அங்கயே இறங்கி வந்துடுவாங்க.

ஒன்னு மட்டும் மறக்காதீங்க, எங்க மனு குடுத்தாலும் உங்க காப்பியில சீல், தேதி, நம்பர் வாங்காம நகராதீங்க. சீல் இல்லாத மனுவோட எங்கிட்ட வந்து அழுத தாய்மாருங்க எத்தன பேரு, நீங்க குடுக்கவே இல்லன்னு சொல்லிட்டா அதுக்கு மேல என்ன பேசறது. குழு இழுத்தடிச்சா அது மேல புகார் கேக்குற அதிகாரம் கலெக்டருக்கு இருக்கு, திங்கட்கிழமை குறைதீர் நாள்ல அந்த சீல் போட்ட காப்பியோட போங்க. அவசரம்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க, எந்த நேரமும் எடுப்பாங்க.