பார்வையற்றோரும் நிறமும்: கேள்வி பதில்

பார்வையற்ற மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயால் என் பார்வையையும் படிப்படியாக இழந்தேன். நிறத்தைப் பற்றி வந்த கேள்விகளுள் ஒரே பொருளில் அமைந்தவற்றைச் ஒன்றாகச் சேர்த்து, கீழே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பார்வையற்றவர்களுக்கு எப்போதும் கறுப்பு மட்டும்தானே தெரியும்? நான் கண்ணை மூடிக்கொண்டால் காண்பதும் அதுதானே?

பதில்: இல்லை. முதலில், பார்வையற்றோர் என்று கணக்கிடப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறிதளவு பார்வை எஞ்சியிருக்கிறது. நல்ல பார்வையுடையவர் 60 மீட்டர் தொலைவில் காண்பதை 3 மீட்டர் தொலைவில்கூடக் காண முடியாதவரையே உலகச் சுகாதார நிறுவனம் பார்வையற்றவர் என்று வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்டவருக்கும் சன்னல் இருக்கும் திசை தெரியலாம், அடர்ந்த மஞ்சளும் நீலமும் பிரிந்து தெரியலாம்.

இரண்டாவதாக, பிறவியிலிருந்தே ஒளியுணர்வு அறவே இல்லாதவர் கறுப்பைக் காண்பதில்லை. கறுப்பும் ஒரு காட்சிதான். ஒளியைக் கண்டறிந்த பார்வை அமைப்பு அதன் குறைவை உணரும்போது தோன்றுவது அது. இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், இடக்கண்ணால் எதையேனும் உற்று நோக்கியபடி வலக்கண்ணை மட்டும் சற்று நேரம் மூடிவையுங்கள். வலக்கண் எதைக் காண்கிறது என்று கேட்டால், பலர் ‘கறுப்பு’ என்று சொல்லமாட்டார்கள், ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்கள். பிறவியிலேயே பார்வையற்றவரின் நிலைக்கு நாம் ஓரளவு நெருங்கிவருவது அங்கேதான்.

இடையில் பார்வையிழந்தவர்களின் நிலை வேறு. இருட்டில் உறங்கிப் பழகிய தமக்கு, பார்வை போனபின் மங்கலாக ஒளிரும் பச்சையும் நீலமுமான மூடுபனிக்குள் உறங்க நேர்ந்தது தொல்லையாக இருந்தது என்று அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் சொல்லியிருக்கிறார். தமக்குத் தெரியாமற்போன நிறங்களாக அவர் குறிப்பிட்டவை கறுப்பும் சிவப்பும். எனக்கு இப்போது இருப்பதும் இருட்டன்று. சாம்பல் நிறத்தில் ஓயாமல் மினுங்கும் ஒரு புகை; களைப்பு மிகுந்த நாள்களில் அதன் ஓரங்களில் ஊதா நிறம் படரும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, பிறவியிலிருந்தே பார்வை இல்லை. “சிவப்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். அவள் கையை வெந்நீரில் வைத்து இதுதான் சிவப்பு என்றும், பனிக்கட்டியைக் கொடுத்து இதுதான் நீலம் என்றும் சொன்னேன். சரிதானா?

பதில்: அம்மா, உங்கள் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் அவளுக்குக் கொடுத்தது வெப்பத்தை, சிவப்பை அல்ல. நாளை குளிர்ந்த சிவப்புப் பழத்தைக் கையில் எடுக்கும்போது அவளுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதோடு நீலச் சுவாலை பெரும்பாலும் சிவந்த தணலைவிடச் சூடானது என்பதை அறிவியல் பாடத்தில் அவள் படிக்கத்தான் போகிறாள். ஆழ்சிவப்பு என்பது எக்காள ஓசையைப் போன்றது என்று முடிவு செய்த ஒரு பார்வையற்றவரைப் பற்றி ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதி 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னமும் நாம் அதே வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

நேராகவே சொல்லிவிடுங்கள்: நிறம் என்பது கண்ணுக்கு மட்டும் எட்டும் பண்பு, கையாலோ காதாலோ அதை அறிய முடியாது. குழந்தைகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். பார்பரா லாண்டோ, லீலா கிளைட்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற பார்வையற்ற சிறுமி, நிறத்தைத் தொட்டறிய இயலாது என்பதையும், பருப்பொருள்களுக்குத்தான் நிறமுண்டு என்பதையும் இளம் வயதிலேயே புரிந்துகொண்டிருந்தார்.

பிறகு, நிறம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். சிவப்புக்கு அருகில் ஆரஞ்சு, அதற்கடுத்து மஞ்சள் என்ற வரிசை. ஒரே நீலத்திலும் வெளிர், அடர் என்ற வேறுபாடு. காய் பழுக்கும்போது நிறம் மாறுவதும், காணாமலே பறவைக்கு அது பழுத்துவிட்டது என்று தெரிந்துவிடாது என்பதும். தொலைவிலிருந்தே கவனத்தை ஈர்க்க வேண்டிய எச்சரிக்கைகளுக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுப்பதும். கையால் தொட்டறியக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரே துணியில் வெட்டிய, ஒரே தடிமன் உள்ள கறுப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் வெயிலில் கால்மணி நேரம் விரித்துவைத்துவிட்டு, இரண்டின் மீதும் அவளது உள்ளங்கையை மாறிமாறி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது கறுப்பு என்பதை அவளே சொல்லிவிடுவாள். கறுப்பு ஒளியை உள்வாங்குகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது. வெந்நீர் வெறும் உவமைதான். இதுவோ நிறத்தின் உண்மையான விளைவு.

கேள்வி: ஆனாலும், கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொல்வதை அறிவு என்று எப்படி ஏற்பது? வாழைப்பழம் மஞ்சள் என்று பார்வையற்றவர் சொல்வது கிளிப்பிள்ளைப் பேச்சு அல்லவா?

பதில்: அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா பெட்னியின் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. எந்தப் பொருளுக்கு எந்த நிறம் என்ற தகவலில் பிறவிப் பார்வையற்றோருக்கும் பார்வையுடையோருக்கும் இடையே வேறுபாடு இருந்தது. ஆனால் ஒரு வகையைச் சேர்ந்த இரண்டு பொருள்கள் ஒரே நிறத்தில் இருக்குமா, அதற்குக் காரணம் என்ன என்று கேட்டபோது, இரு தரப்பினரின் பகுத்தறிதலும் ஒத்திருந்தது. இயற்கைப் பொருளின் நிறம் அதன் இயல்பிலிருந்து வருகிறது, செய்பொருளின் நிறம் அதைச் செய்தவரின் நோக்கத்தையும் அதன் பயனையும் பொறுத்தது என்பதை இரு தரப்பினரும் உணர்ந்திருந்தனர். யாரும் கேள்விப்பட்டிராத, கற்பனைத் தீவு ஒன்றின் பொருள்களைப் பற்றிக் கேட்டபோதும் அதே முடிவுதான். அங்கே திருப்பிச் சொல்வதற்குக் கிளிப்பிள்ளைக்கு எதுவுமில்லை.

பெரியம்மையால் ஏறத்தாழ ஒரு வயதிலேயே பார்வையிழந்த நிக்கலஸ் சாண்டர்சன், 1711-இல் கேம்பிரிட்ஜில் லூக்காசியன் கணிதப் பேராசிரியரானார். ஒளியியலைப் பற்றியும் விரிவுரையாற்றினார். புற ஊதாக் கதிர்களைக் காணாமலே அவற்றைப் பற்றி நாம் பேசவில்லையா? சிவப்பைக் காணும்போது எழும் அந்த உணர்வு பிறவிப் பார்வையற்றவருக்கு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பற்றிய அறிவில் அந்த உணர்வு ஒரு பகுதி மட்டுமே என்பது என் கருத்து.

கேள்வி: கனவில் நிறம் வருமா?

பதில்: பார்வை எந்த வயதில் போயிற்று என்பதைப் பொறுத்தது. ஐந்து வயதுக்கு முன் இழந்தவர்களின் கனவில் பொதுவாகக் காட்சி இல்லை, ஏழு வயதுக்குப் பின் இழந்தவர்களுக்கு உண்டு என்று ஜோசப் ஜாஸ்ட்ரோ 1888-லேயே பதிவு செய்தார். பிறவிப் பார்வையற்றோரின் கனவுகள் ஒலி, தொடுகை, மணம், உடலசைவு ஆகியவற்றால் ஆனவை. என் கனவுகளில் இன்றும் நிறம் உண்டு.

கேள்வி: எனக்குக் கண் அழுத்த நோயால் பார்வை குறைந்துவருகிறது. நிறங்கள் நினைவிலிருந்தும் போய்விடுமா?

பதில்: எல்லாருக்கும் ஒரே விதமாக நடப்பதில்லை. நடுவயதில் முற்றிலும் பார்வையிழந்த இறையியல் பேராசிரியர் ஜான் ஹல், சில ஆண்டுகளில் காட்சி நினைவுகளையே பெரிதும் இழந்தார். அந்த நிலையை அவர் பின்னர் ஒரு குறையாகக் கருதவில்லை. இளைஞராக இருந்தபோது விபத்தில் பார்வையிழந்த ஆஸ்திரேலிய உளவியலாளர் சோல்டான் டோரி, மருத்துவர்களின் அறிவுரையையும் மீறி மனக்காட்சியை விடாமல் பயிற்சி செய்து, தம் வீட்டுக் கூரையின் நீர்வடிகால்களைத் தாமே மாற்றியமைக்கும் அளவுக்கு அதைக் கூர்மையாக்கிக்கொண்டார். நான் டோரியின் பக்கம் சாய்ந்தவன். யாரேனும் ஒரு நிறத்தைச் சொன்னால் அதை மனத்தில் தீட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. சிகிச்சையை மட்டும் இடையில் நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பார்வை மங்கிய என் தாத்தா, சுவரெங்கும் பளிச்சென்ற வண்ணப் பூக்களும் குட்டி மனிதர்களும் தெரிவதாகச் சொல்கிறார். மனநோயா?

பதில்: சார்ல்ஸ் போனே நோய்க்குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். போனே என்னும் சுவிஸ் அறிஞர் 1760-இல் தம் தாத்தாவுக்கு நேர்ந்ததையே பதிவு செய்தார். கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே இயங்கத் தொடங்குகிறது. நிறம் தோன்றும் வேளையில், மூளையில் நிறத்தைக் கையாளும் பகுதி இயங்குவதை 1998-இல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வு காட்டியது. அவை மெய்யல்ல என்பது தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் அஞ்ச வேண்டாம். கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். குரல்களும் கேட்டால், அல்லது அவற்றை மெய்யென்றே நம்பினால், வேறு காரணங்களையும் ஆராய வேண்டும்.

கேள்வி: பிறவிப் பார்வையற்றவருக்கு அறுவை சிகிச்சையால் பார்வை வந்தால், கண்டவுடன் சிவப்பை அறிந்துகொள்வாரா?

பதில்: நிற வேறுபாடு தெரியலாம், எது சிவப்பு என்று யாரேனும் சொல்ல வேண்டும். இதே வகைக் கேள்வியை உருவங்களை வைத்து 1688-இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மோலினக்ஸ் எழுப்பினார்: தொட்டறிந்த கோளத்தையும் கனசதுரத்தையும் கண்டவுடன் பிரித்தறிய முடியுமா? இந்தியாவில் பார்வையற்ற சிறாருக்குச் சிகிச்சையளித்து அவர்களின் பார்வையை ஆராயும், மூளை அறிவியலாளர் பவன் சின்காவின் பிரகாஷ் திட்டத்தில் சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான ஐவரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொட்ட பொருளைக் கண்ணால் உடனே இனங்காண அவர்களால் இயலவில்லை; மறுபடி சோதிக்கப்பட்டவர்களிடம் சில நாள்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது. மூன்று வயதில் பார்வையிழந்து 40 ஆண்டுகளுக்குப் பின் 2000-இல் அதைத் திரும்பப் பெற்ற மைக் மே என்னும் அமெரிக்கருக்கு நிறமும் அசைவும் எளிதாகக் கைகூடின, முகங்களை அடையாளம் காண்பதோ கடினமாகவே நின்றுவிட்டது.

கேள்வி: அன்றாடம் உடைகளின் நிறத்தை எப்படிப் பொருத்துகிறீர்கள்?

பதில்: நிறத்தை உரக்கச் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. மஞ்சள் விளக்கொளியில் அவை தவறாகச் சொல்லும், எனவே பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அப்போதும் அடர்நீலத்தையும் கறுப்பையும் குழப்பிவிடும்; அந்த இரண்டுக்கு மட்டும் காலரின் உட்பக்கத்தில் பிரெய்ல் குறி தைத்துவைத்திருக்கிறேன்.