சென்னையில் எங்கள் நூறாண்டுப் பழைய வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கச் செய்ய முடியுமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இதுதான். புரசைவாக்கத்தில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, இப்போது நான்கு பங்குதாரர்கள். மூவர் பில்டரிடம் கொடுக்கத் தயார். பாரம்பரியக் கட்டடம் என்று அரசு அறிவித்துவிட்டால் யாரும் இடிக்க முடியாதே, எங்கே விண்ணப்பிப்பது என்கிறார்.

விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மூவருக்கும் தெரியாமல் விண்ணப்பிக்காதீர்கள். நான் அப்படிச் செய்தவள் என்பதால் சொல்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் அப்பா பிறந்த வீட்டுக்காக ஆறு ஆண்டுகளாகக் கோப்பும் கையுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். வீடு இன்னும் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் ஒழுகாமல் நிற்கிறது. கோர்ட் காப்பாற்றிய பிறகும் பாழாய்ப்போன கட்டடங்களை இந்த ஊரில் பார்த்திருப்பதால், இதைத் தோல்விக் கணக்கில் நான் எழுதவில்லை.

சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காகக் கிழக்கிந்தியக் கும்பெனியார் உண்டாக்கிய பேட்டை. அதுவரை வணிகர் சுங்குராமரின் தோட்டமாக இருந்த இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதே இப்படித் திரிந்தது என்பார்கள். முகப்பு குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் மனைகள். எங்கள் பத்திரத்தில் ‘கிழமேலடி 22, தென்வடலடி 96’ என்று இருக்கிறது. 2,112 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. அந்த வீட்டில் பிரபலமான யாரும் பிறக்கவில்லை. தாத்தா ஒரு கம்பெனியில் கணக்கர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய மனிதர் யாராவது வாழ்ந்திருந்தால்தான் வீடு பாரம்பரியம் ஆகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மனிதர் வாழ்ந்தால் மட்டும் வீடு பிழைத்துவிடுகிறதா என்ன? திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டது. அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் குடியிருந்த வீட்டை அரசே எடுத்துச் சீர்செய்து 1993-இல் நினைவில்லம் ஆக்கியது. இரண்டு பேரின் பெருமையையும் எடைபோட்டா இப்படி நடந்தது? ஒன்றுக்காக நேரத்தில் யாரோ பணமும் கையெழுத்தும் போட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நினைவில்லம் வேறு, பாரம்பரியக் கட்டடம் வேறு. நினைவில்லம் என்றால் அரசு வீட்டை விலைகொடுத்தோ கையகப்படுத்தியோ எடுத்துக்கொள்கிறது. அதுவும் எளிதில் நடப்பதில்லை. போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா வாழ்ந்த வேதா நிலையத்தைக் கையகப்படுத்திய உத்தரவை 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் வீடு வாரிசுகளிடமே திரும்பியதும் நினைவிருக்கும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறினால் வீடு உங்களுடையதாகவே இருக்கும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பாகம் பிரிக்கலாம். இடிக்கவோ தோற்றத்தை மாற்றவோ வேண்டுமானால் முதலில் அதற்கென இருக்கும் அரசுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மானியம் தானாக வந்து சேரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அண்ணனிடம் முதல் நாளே இதை விளக்கியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

அண்ணன் என்றது பெரியப்பா மகனை. நான் மனு கொடுத்திருக்கும் செய்தி அவருக்கு என் வாயால் போகவில்லை, வேறொருவர் வாயால் போனது. அன்று மாலையே போன் வந்தது. “என் பங்கையும் சேர்த்துப் பூட்டுப் போட உனக்கு யாரம்மா அதிகாரம் கொடுத்தது?” அவர் கையில் பில்டர் போட்டுக்கொடுத்த படம் ஒன்று இருந்தது. மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம், நான்கு பிளாட், நமக்கு இரண்டு, அவர்களுக்கு இரண்டு. அவர் பேராசைக்காரர் இல்லை. மகளின் படிப்புக் கடன், முழங்கால் அறுவை சிகிச்சை, எல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தன. நான் அவருக்குத் தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்து இரண்டு ஆண்டுப் பேச்சுவார்த்தையைத் தின்றது. அந்த இரண்டு ஆண்டும் வீட்டில் தனியாக இருந்த அத்தை, மழை பெய்தால் எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பாத்திரம் வைப்பது என்று கணக்கு வைத்திருந்தார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் கோட்டை, கோயில், கல்வெட்டு போன்ற நினைவுச்சின்னங்களுக்கானவை. குடியிருக்கும் வீட்டை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. நமக்கு உரியவை இரண்டு. ஒன்று, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கீழ் இயங்கும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மற்றொன்று, 2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். சட்டம் வந்து ஆணையம் அமைவதற்குள் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பில் பாதியைக் கடந்திருக்கும். மனு எழுதும் நாளில் எது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் பதிவுத் தபாலில் நகல் அனுப்பிவிடுங்கள்.

அந்த சி.எம்.டி.ஏ. குழுவே ஒரு வழக்கின் பிள்ளை. அண்ணா சாலையில் 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றதோடு, நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்டிருந்த 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் காக்கவும், அதற்கென ஒரு குழு அமைக்கவும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், தீர்ப்புக்குப் பிறகும் நெடுங்காலம் அது செடிமுளைத்துப் பாழடைந்தே நின்றது. நீதிமன்றத்தால் கடப்பாரையை நிறுத்த முடியும், கூரையைச் சீர்செய்ய முடியாது. வழக்கறிஞரைப் பார்க்கும் முன் மேஸ்திரியைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி கோப்பு. வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் கிடைத்தது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால்தான் தேடினார்கள். எங்கள் தாய்ப்பத்திரம் அத்தையின் டிரங்குப் பெட்டியில், ஒரு பழைய பட்டுப்புடவையின் மடிப்பில் இருந்தது. நான்காக மடித்ததில் மடிப்புகள் நைந்து நான்கு துண்டாகியிருந்தது. செல்லோடேப் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன், இரண்டே ஆண்டில் ஒட்டிய இடமெல்லாம் பழுத்து எழுத்து மறைந்தது. அதற்கு முன் எடுத்த ஸ்கேன்தான் இப்போது என்னிடம் இருக்கும் பத்திரம். அதன் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், தெற்கே இன்னாருடைய தறிக்கொட்டகை என்று ஒரு வரி. வீடு கட்டிய ஆண்டுக்குச் சான்று தேடப் போன எனக்கு, அந்தத் தெருவில் தறி ஓடியதற்கான சான்று கிடைத்தது. பிற்பாடு கோப்பிலேயே கனமான காகிதம் அதுதான் என்றார்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பழைய வரைபடங்களைக் கேட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டும், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து, அளவெடுத்த வரைபடம். கட்டடக்கலைக் கல்லூரிகளில் பழைய வீடுகளை அளந்து வரைவது ஒரு பாடம். மூன்று மாணவர்கள் வந்து நான்கு நாள் நாடா பிடித்தார்கள். அத்தை அவர்களுக்கு வேளாவேளைக்குக் காபி கொடுத்தே களைத்தார். முற்றத்துத் தூண் ஒவ்வொன்றும் வேறு உயரத்தில் இருப்பதை அவர்கள் கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடைசியாக, இந்த வீடு ஏன் முக்கியம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். என் முதல் படி மூன்று பக்கம், முழுவதும் தாத்தா புராணம். புனரமைப்புப் பணியில் இருக்கும் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இதில் வீடு எங்கே?” என்றார். திரும்ப எழுதினேன்: தெருவின் நெசவு வரலாறு, குறுகிய மனை, முற்றம் வைத்த அமைப்பு, மெட்ராஸ் டெரஸ் கூரை, இதே தெருவில் இதே அமைப்பில் மிச்சமிருக்கும் வீடுகள் எத்தனை. தாத்தாவுக்கு இரண்டு வரி ஒதுக்கினேன், அதையும் அவர் அடித்துவிட்டார்.

மனுவைக் கொடுத்த ஓர் அலுவலகத்தில் என் கோப்பு ஒருமுறை காணாமலே போனது. பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருந்ததால் மறுபடி கொடுக்க முடிந்தது. எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

இப்போது கூரை. கேட்டவர் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பழைய சென்னை வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை முழ இடைவெளியில் நிறுத்தி, மேலே மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, கோணவாக்கில், சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. நூறு ஆண்டு தாங்கும். அதைக் கெடுத்தது நாங்கள்தான். தொண்ணூறுகளில் ஒழுகல் வந்தபோது அப்பா நல்ல எண்ணத்தில் மேலே சிமென்ட் பூசினார், சுவருக்கும் பூசினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அதன் வாயைக் கட்டியது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் போலப் பொரிந்து விழுந்தது. 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு கூடத்தின் கட்டைகள் கறுக்கத் தொடங்கின.

மேஸ்திரிக்கு எழுபது வயதிருக்கும். ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக் காதைச் சாய்த்தார். பதினான்கு கட்டைகள். பத்து ‘டங்’ என்றன, நான்கு ‘பொத்’ என்றன. ஒன்றில் நுனியை அழுத்தினார். வெல்லத்தில் இறங்குவதுபோல் நான்கு விரல் ஆழத்துக்கு இறங்கியது. “நடுவில் ஒன்றும் ஆகவில்லை அம்மா, சுவர் தின்ற முனைதான் போயிருக்கிறது” என்றார். முழுக் கூரையையும் பிரிக்க வேண்டும் என்று அதற்கு முன் இரண்டு ஒப்பந்ததாரர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் நான்கு கட்டைகளை மட்டும் மாற்றினார், சிமென்ட்டைச் சுரண்டி எடுத்தார், சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்துப் பூசினார். நான் பயந்திருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது.

அந்தக் கணக்கைத்தான் அண்ணனிடம் கொண்டுபோனேன். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கட்டைச் சீர்செய்து ஒரு தையல் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டோம், வாடகை மூன்று பங்காகப் பிரிகிறது. முதல் வாடகை போன மாதமே அவர் பேச்சு மாறியது என்று சொன்னால் கதையாகிவிடும். மாறவில்லை. ஐந்து ஆண்டு பார்ப்போம், அதற்குள் பட்டியலில் ஏறாவிட்டால் பில்டர்தான் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். நானும் இட்டேன், அத்தை சாட்சி. இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. இரண்டாவது மனுவில் எங்கள் வீட்டுப் பங்குதாரர் மூவரின் கையெழுத்தும் இருக்கிறது. அதற்குத்தான் முதன்முறையாக நேரில் பார்க்க ஆள் வந்தார்கள்.

உங்களுக்கு மூன்று பேர் எதிரில் இருப்பதால் முதலில் செய்ய வேண்டியது மூன்று போன் அழைப்புகள். நான்காவதாக, ஐப்பசி மழைக்கு முன் மாடிக்கு ஏறித் தண்ணீர் போகும் தூம்பில் சருகு அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், வேர் காரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடியோடு அறுத்துவிட்டு, வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மேஸ்திரியிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அது அடுப்படிச் சுவர்வரை இறங்கியிருந்தது.