செவில் அரசர் அல்-முஃதமிதின் ஆட்சியைக் கவிழ்த்தது அவருடைய கவிதைப் பித்துதானா?

கவிதையிலும் மதுவிலும் மூழ்கி நாட்டைக் கோட்டைவிட்டவர் என்று அல்-முஃதமிதைச் சொல்வது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றைய ஸ்பெயினின் தென்பகுதியில் இருந்த செவில் என்ற முஸ்லிம் சிற்றரசுக்கு 1069இல் தந்தைக்குப் பின் அரசரான அவர், குர்துபா (கோர்டோபா) நகரையும் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டவர்; முர்சியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே தன்னிச்சையாக ஆளத் தொடங்கிய உயிர் நண்பரும் கவிஞருமான இப்னு அம்மாரைப் பின்னர் தன் கையாலேயே வெட்டிக் கொன்றதாகவும் சொல்லப்படுகிறது. இளகிய மனத்தால் கெட்டவர் அல்லர்.

அவரைக் கவிழ்த்தது கப்பம். வடக்கே இருந்த கிறித்தவ நாடான காஸ்டிலின் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவின் படைகளைத் தள்ளிவைக்கச் செவில் பொன் கொடுத்துவந்தது. அதைத் திரட்ட இஸ்லாமிய மார்க்கச் சட்டம் அனுமதிக்காத வரிகளைக் குடிகள்மீது சுமத்தியதால், மக்களும் மார்க்க அறிஞர்களும் ஒருசேர வெறுப்படைந்தார்கள். கப்பம் வாங்கியும் அல்ஃபோன்சோ அடங்கவில்லை. 1085இல் முஸ்லிம் ஆட்சியில் இருந்த தொலேதோ நகரம் அவர் வசமானதும், மொராக்கோவை ஆண்ட முராபித்துகளின் தலைவர் யூசுப் இப்னு தாஷ்ஃபீனை அல்-முஃதமித் உள்ளிட்ட முஸ்லிம் சிற்றரசர்கள் உதவிக்கு அழைத்தார்கள். காஸ்டிலில் பன்றி மேய்ப்பதைவிட ஆப்பிரிக்காவில் ஒட்டகம் மேய்ப்பது மேல் என்று அல்-முஃதமித் அப்போது சொன்னாராம். (பின்னால் கட்டிய கதையாகவும் இருக்கலாம், ஆனால் அவருடைய இக்கட்டை அது சரியாகவே சொல்லிவிடுகிறது.)

1086இல் சல்லாக்கா என்ற இடத்தில் நடந்த போரில் யூசுபின் படையிடம் அல்ஃபோன்சோ தோற்றார். ஆனால் சிற்றரசர்களின் பலவீனத்தையும், அவர்கள்மீது குடிகளுக்கு இருந்த கசப்பையும் நேரில் கண்டுவிட்ட யூசுப், சட்டவிரோத வரியையும் கிறித்தவ அரசரோடு கொண்ட உறவையும் காரணம் காட்டி அவர்களை நீக்கலாம் என்று மார்க்கத் தீர்ப்புகளைப் பெற்றுக்கொண்டு திரும்ப வந்தார். நெருக்கடியில் அல்-முஃதமித் பழைய பகைவரான அல்ஃபோன்சோவிடமே உதவி கேட்டது, அந்தக் குற்றச்சாட்டுக்குத் தானே சாட்சி சொன்னதுபோல் ஆயிற்று. 1091இல் செவில் வீழ்ந்தது.

மராக்கேஷுக்கு அருகிலுள்ள அக்மாத்தில் 1095இல் இறக்கும்வரை அவர் கைதியாக இருந்தார். அவருடைய சிறந்த கவிதைகள் அங்கே எழுதியவை என்பது என் கருத்து. ஒரு பெருநாளன்று, கூலிக்கு நூல் நூற்கும் தம் மகள்கள், கஸ்தூரியையும் கற்பூரத்தையும் ஒருபோதும் மிதித்திராதவர்கள்போல் வெறுங்காலோடு சேற்றில் நடந்துவருவதைப் பாடியிருக்கிறார். அதே அக்மாத்துக்கு அவருக்கு முன்பே நாடுகடத்தப்பட்டவர் இன்னொரு சிற்றரசான கிரனாடாவின் அரசர் அப்துல்லாஹ். கவிஞர் என்று பெயர் எடுக்காத அவரும் அல்ஃபோன்சோவுக்குக் கப்பம் கட்டியவர்தான். 1090லேயே அரசை இழந்தார்.