காடு எரிவது தூரத்தில். ஜன்னலை மூடுவது எப்போது?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளி ஒரு வாரமாகக் காடு எரிகிறது. வானம் மங்கலாகவே இருக்கிறது. நேற்றுப் புகை வாடை அடித்தது, இன்று இல்லை. போனில் ஒரு ஆப் காற்றுத் தரம் 154 என்கிறது, இன்னொன்று அதே நேரத்தில் 100 என்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள 8 வயது மகனும், இதயத்துக்கு மருந்து சாப்பிடும் 70 வயது அம்மாவும் இருக்கிறார்கள். எதை நம்பி ஜன்னலை மூடுவது? ஏசி போடலாமா? ஏர் பியூரிஃபையர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்த இரண்டு எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம். காற்றில் இருக்கும் நுண்துகளை, அதாவது பி.எம். 2.5 என்பதை, ஒவ்வொரு நாடும் தன் அளவுகோலில் போட்டு ஒரு எண்ணாக மாற்றுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் துகள் இருந்தால் இந்திய அளவுகோலில் அது 100. ‘திருப்திகரம்’ என்ற பிரிவின் கடைசி எண். 2024-ல் திருத்தப்பட்ட அமெரிக்க அளவுகோலில் அதே 60 மைக்ரோகிராம் 154 ஆகிவிடும். அங்கே அதற்குப் பெயர் ‘உடல்நலத்துக்குக் கேடு’. உங்கள் இரண்டு ஆப்பும் ஒரே காற்றைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது என் ஊகம். எனவே அந்த எண்ணையும் அதன் பச்சை, சிவப்பு நிறங்களையும் விட்டுவிடுங்கள். ஆப்பில் எண்ணைத் தொட்டு உள்ளே போனால், பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று பெரும்பாலும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் எல்லை 15 மைக்ரோகிராம்.

இன்னொரு விஷயம், அந்த எண் எந்த நேரத்துக்கானது என்பது. சில ஆப்கள் கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைக் காட்டும். காட்டுத்தீப் புகை அப்படிப் பொறுமையாக நடந்துகொள்வதில்லை. காற்றுத் திசை மாறினால் ஒரு மணி நேரத்தில் 20 மைக்ரோகிராமிலிருந்து 120-க்குக்கூட ஏறலாம். சராசரி எண் அதை மறுநாள்தான் ஒத்துக்கொள்ளும். ஆகவே மணிவாரியான அளவு எங்கே கிடைக்கிறதோ அந்த ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். வீடுகளில் மாட்டியிருக்கும் சிறிய லேசர் சென்சார்களின் அளவையும் சில வரைபடங்கள் காட்டுகின்றன. இவை துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுபவை. புகையின்போது இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்; ஈரப்பதம் அதிகமான விடியற்காலையிலும் அப்படித்தான். சில வரைபடங்கள் இதைத் திருத்தியே போடுகின்றன. திருத்தாவிட்டாலும் பயன் உண்டு: அடுத்த தெரு சென்சாரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அதில் அது பெரும்பாலும் ஏமாற்றாது.

சரி, வானம் மங்கலாக இருக்கிறதே என்கிறீர்கள். வானத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெருந்தீயின் வெப்பம் புகையைப் பல கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். அங்கே வேகமாக வீசும் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துப் போகும். புகைத்துகளில் பெரும்பகுதி அரை மைக்ரோமீட்டர் சுமார்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் ஒளியை அபாரமாகச் சிதறடிக்கும். சூரியன் சிவப்பாக, வானம் பழுப்பாக மாறுவது அதனால்தான். ஆனால் அந்தப் புகை உங்கள் தலைக்கு 3 கிலோமீட்டர் மேலே இருக்கலாம். நீங்கள் மூச்சில் இழுப்பது தரைக்காற்றை. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடுப்பகலில் விளக்குப் போடும் அளவுக்கு வானம் ஆரஞ்சு நிறத்தில் இருண்டது. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றடுக்கு தரையை ஒட்டிக் கிடக்க, புகை அதற்கு மேலே நின்றிருந்தது. அந்த வானம் பயமுறுத்திய அளவுக்குத் தரைக்காற்று அன்று கெடவில்லை. வானத்தின் ஆரஞ்சு நிறம் போன பிறகு, அடுத்தடுத்த நாட்களில்தான் புகை கீழே இறங்கிக் காற்று மோசமானது. செயற்கைக்கோள் படங்களில் தெரியும் புகையிலும் இதே சிக்கல்தான்: மேலிருந்து தரை வரையுள்ள மொத்தப் புகையை அவை காட்டும், அதில் எவ்வளவு தரையில் இருக்கிறது என்று சொல்லாது.

மறுபக்கமும் உண்டு. 2023 ஜூனில் கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகள் எரிந்த புகை பல நூறு கிலோமீட்டர் தெற்கே வந்து, நியூயார்க்கில் தரை வரை இறங்கியது. ஜூன் 7 அன்று அந்த நகரம் பதிவுகளிலேயே இல்லாத மோசமான காற்றைப் பார்த்தது. அதே மாதம் கனடாவின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போனது. ஆகவே ‘400 கிலோமீட்டர் தள்ளித்தானே’ என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை.

வாடையும் அப்படியே. புகையின் வாடை பெரும்பாலும் அதிலுள்ள வாயுக்களிலிருந்து வருவது. வெயிலில், காற்றில் பயணம் செய்யும்போது அந்த வாயுக்கள் சிதைந்து மாறிவிடும். துகள் அப்படியே வந்து சேரும். அதோடு, ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கும் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். நேற்று வாடை இருந்தது, இன்று இல்லை என்பதற்கு, இன்று வந்திருப்பது பழைய புகை என்றுகூடப் பொருள் இருக்கலாம். வாடை வந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் நேரம். பொதுவாக இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல நின்றுவிடும். கீழே மாட்டிய புகைக்கு வெளியேற வழி இருக்காது. பள்ளத்தாக்கு ஊர்களில் இது இன்னும் கடுமை. வெயில் ஏறி, பத்து பதினொரு மணிக்கு மேல் தரை சூடானதும் காற்று கலந்து புகை கலையும். அதனால் ‘விடியற்காலைக் காற்று சுத்தம்’ என்ற பழக்கத்தில் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது புகை நாட்களில் பெரும்பாலும் தவறான நேரத் தேர்வு. ஆனால் தூரத்துப் புகை மேலடுக்கில் நின்றிருந்தால் கதை தலைகீழ்: பகலில் காற்று கலக்கும்போதுதான் அது கீழே இறங்கும். உங்கள் ஊரில் எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடந்த இரண்டு மூன்று நாட்களின் மணிவாரி வரைபடத்தைப் பாருங்கள். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் கால அட்டவணை. புகை குறையும் அந்தப் பள்ள நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வீட்டுக்குள் இருக்கும் பழைய காற்றை வெளியே அனுப்புங்கள்.

என்னிடம் ஒரு எல்லை கேட்டால் இப்படிச் சொல்வேன். மணிக்கணக்கான பி.எம். 2.5 அளவு 15-க்குக் கீழே என்றால் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். 35-ஐத் தாண்டினால், உங்கள் வீட்டில் இருப்பவர்களை வைத்துப் பார்க்கும்போது, மூடிவிடுங்கள். நடுவில் இருந்தால், மகனுக்கு இருமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். இது சட்டமல்ல, நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு கோடு.

ஆனால் மூடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். துகள் விஷயத்தில் மூடிய வீடும் சல்லடைதான். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை என்று எல்லா வழியிலும் புகை வந்துகொண்டே இருக்கும். சில மணி நேரம் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது. முழு வீட்டையும் காப்பாற்றப் பார்ப்பதுதான் பலரும் பணத்தை வீணாக்கும் இடம். ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். மகனும் அம்மாவும் தூங்கும் அறையாக அது இருந்தால் நல்லது, ஏனென்றால் ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் அங்கேயே கழிகிறது. கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். அந்த அறைக்கு மட்டும் ஒரு ஏர் பியூரிஃபையர் போதும்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என்ற வாக்கியத்தைப் பார்க்காதீர்கள், சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். சுத்தமான காற்றை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்பதன் அளவு அது. புகைக்கு எளிய விதி: அறை எத்தனை சதுர அடியோ, குறைந்தது அத்தனை கன அடி, ஒரு நிமிடத்துக்கு. 12-க்கு 12 அறை என்றால் 144. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால், அதே 144 ஏறக்குறைய 245 ஆக எழுதப்பட்டிருக்கும். எட்டடி உயரக் கூரையுள்ள அறையில் இது மணிக்கு ஏழு தடவைக்கு மேல் காற்றைச் சுத்தம் செய்யும் வேகம். அந்த எண், விசிறி முழு வேகத்தில் ஓடும்போது வருவது என்பதை மறக்க வேண்டாம். சத்தம் பிடிக்காமல் குறைந்த வேகத்தில் வைத்துத் தூங்கினால் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் ஒரு படி பெரியதாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதுதான் என் தேர்வு. ஃபில்டர், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வகையாக இருக்கட்டும். ‘அயனி’, ‘ஓசோன்’ என்று விளம்பரம் செய்யும் கருவிகள் வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமா உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. கடையில் பியூரிஃபையர் தீர்ந்துபோயிருந்தால், பெட்டி வடிவ மின்விசிறியைச் சுற்றி நுண்துகளைப் பிடிக்கும் ‘மெர்வ் 13’ தர ஃபில்டர்கள் நான்கைந்தை டேப் போட்டு ஒட்டிச் செய்யும் கோர்சி-ரோசென்தால் பெட்டி நன்றாகவே வேலை செய்யும். ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் இருவரும் 2020-ல் உருவாக்கியது. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

ஏசி பற்றி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஆகவே தாராளமாகப் போடலாம். ஆனால் அதிலுள்ள வலை தூசியைத்தான் பிடிக்கும், புகைத்துகளைப் பிடிக்காது. ஏசி போட்டதால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜன்னல் ஏசி என்றால் வெளிக்காற்று வரும் ‘வென்ட்’ பொத்தானை மூடுங்கள். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வெளிக்காற்றை இழுத்தே வேலை செய்வதால் அதை அணைத்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப இடுக்குகள் வழியே புகை உள்ளே வரும். காரில் உள்சுழற்சிப் பொத்தானைப் போடுங்கள். நீண்ட பயணத்தில் தூக்கம் வராமல் இருக்க அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

மூடிய அறையில் கொசுவத்திச் சுருள், மெழுகுவத்தி, எண்ணெயில் பொரிப்பது எல்லாமே அதே நுண்துகளைத்தான் தரும். கையடக்க பி.எம். மீட்டர் ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எதையாவது பொரித்துப் பாருங்கள். வெளியே இருக்கும் புகையை மிஞ்சும் எண் சில நிமிடங்களில் வரும்.

ஒரு எச்சரிக்கை. ஏசி இல்லாமல், வெயிலும் கொளுத்தினால், புகைக்குப் பயந்து வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். 70 வயதுக்காரருக்கு வெப்பம் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட நாளில் குளிரூட்டிய வேறு இடத்தில் பகலைக் கழிப்பதுதான் சரி.

முகக்கவசத்தில், முகத்தோடு ஒட்டி நுண்துகளை வடிகட்டும் என்95, எஃப்.எஃப்.பி.2 போன்றவை மட்டுமே புகைக்கு உதவும். துணி, சாதாரண அறுவை முகக்கவசம் இரண்டும் ஓரங்களில் புகையை உள்ளே விட்டுவிடும். தாடி இருந்தால் என்95-ம் விட்டுவிடும். ஓசோன் போன்ற வாயுக்களை எந்தத் துகள் கவசமும் தடுக்காது. சிறுவர்களுக்கு என்95 தரச்சான்று கிடையாது. சிறிய அளவில் முகத்தோடு ஒட்டும் ஒன்று கிடைத்தால் பள்ளிக்குப் போய்வரும் நேரத்துக்குப் போடலாம், அதை நம்பி விளையாட விட வேண்டாம். ஓடும்போது உள்ளே போகும் காற்று, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு.

எது எரிகிறது என்பதும் முக்கியம். வெறும் மரமென்றால் ஒரு வகை. தீ ஊருக்குள் நுழைந்து வீடும் காரும் எரிந்தால் வேறு வகை: 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் ஊரை அழித்த, ‘கேம்ப்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீயின் புகையில் ஈயமும் துத்தநாகமும் இருந்ததை 240 கிலோமீட்டருக்கு அப்பாலும் அளந்தார்கள். தீச்செய்திகளில் ‘வீடுகள் எரிந்தன’ என்று வந்தால், நான் மேலே சொன்ன எல்லையை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறான் என்று அதை விட்டுவிட வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலரில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, ஒன்று பள்ளிப் பையிலும் இருக்கட்டும். புகை நாட்களில் எத்தனை தடவை எடுக்கலாம், எப்போது வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். இன்ஹேலர் எடுத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை, பேசும்போது வாக்கியம் முடிக்க முடியவில்லை, விலா இடுக்கு உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவுக்கு நெஞ்சு அழுத்தம், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான களைப்பு வந்தாலும் அப்படியே. நுண்துகள் இதயத்தையும் தாக்கும். புகையால்தான் நெஞ்சு கரிக்கிறது என்று காற்று தெளியும்வரை காத்திருக்க வேண்டாம்.