களா விதையைக் காய வைக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருவொற்றியூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். போன வருடம் ஊறுகாய்க்கு வாங்கிய களாக்காயில் விதை எடுத்து, நன்றாகக் காய வைத்து டப்பாவில் போட்டிருந்தேன். இந்தச் சித்திரையில் வெந்நீரில் ஊற வைத்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோலை உரசிவிட்டு விதைக்க வேண்டுமோ? எங்கள் போர் தண்ணீரும் கொஞ்சம் உப்பு.

வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

உப்பைப் பிறகு பார்ப்போம். டப்பாவுக்குள் போகும்போதே உங்கள் விதை ஏறக்குறைய செத்திருக்கும். மிச்சத்தை வெந்நீர் முடித்திருக்கும்.

ஊறுகாய்க்கு வருவது முற்றாத காய். அறுத்துப் பாருங்கள், விதை வெள்ளையாக, மெல்லிசாக இருக்கும். விதைக்கு வேண்டியது கறுத்து, தொட்டால் அமுங்குகிற பழம். அதற்குள் தட்டையான, பழுப்பு நிற விதைகள் சில இருக்கும். உரசுவதெல்லாம் இலந்தைக் கொட்டைக்குச் சரி, அதன் ஓடு கல் மாதிரி. களா விதைக்குத் தோல் மெல்லிசு, முளைக்காமல் காத்துக் கிடக்கும் விதை உறக்கமும் கிடையாது. காய்ந்தால் முளைப்புத் திறன் வேகமாகப் போய்விடும். (பேக்கரி பன்னில் சிவப்பாகச் செருகும் ‘செர்ரி’யும் பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய்தான். அதையும் முயன்று பார்க்க வேண்டாம், சர்க்கரைப் பாகில் வெந்தது.)

ஆடி, ஆவணியில் பழம் கிடைத்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் பிசுபிசுவென்று ஒட்டும். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் விதையை மணலில் தேய்த்துக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். நிழலில் ஒரு மணி நேரம் ஈரம் உலரட்டும், அன்றைக்கே விதைத்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு வாரம்வரை தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. கடற்கரை மணல் பக்கத்தில்தானே என்று அள்ளிவராதீர்கள். எம்-சாண்ட் என்றால் தூசு போக அலசுங்கள். தேங்காய் நார்க்கழிவு சேர்த்தால் இரண்டு மூன்று முறை ஊற வைத்துப் பிழியுங்கள், அதிலும் உப்பு உண்டு. அரை அங்குல ஆழம் போதும். இரண்டு அங்குலம் புதைத்தால் முளை மேலே வருவதற்குள் அழுகும். மூன்று, நான்கு வாரம் பொறுங்கள், நடுவில் கிளறிப் பார்க்காதீர்கள்.

இனி உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை, உங்கள் தெருவுக்கும் அது புதிதல்ல. வளர்ந்த களா ஓரளவு உப்பைத் தாங்கும், நாற்று தாங்காது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டினாலோ, இலை நுனி கருகினாலோ உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். முதல் வருடம் மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் ஊற்றுங்கள்.

நான்கு இலை விட்டதும் ஆறுக்கு எட்டு அங்குலப் பையில், ஆணிவேர் மடங்காமல் மாற்றுங்கள். ஐப்பசி மழையில்தான் நாற்று அதிகம் சாகிறது. தண்டு மண்மட்டத்தில் கறுத்து, நூல்போல் இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். அதற்கு மருந்து தேடுவதைவிட, பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துப் பெய்யும் மழை நேராக விழாதபடி ஷீட் கட்டுவது மேல். கலவையில் முன்கூட்டியே கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) சேர்த்தாலும் நல்லது.

மாடியில் பதினெட்டு அங்குலத் தொட்டிக்குக் குறைந்து வைக்காதீர்கள். மூன்றாம் வருடம் காய் எதிர்பார்க்கலாம். பூ கிளை நுனியில் வருவதால், கத்தரிப்பது அறுவடைக்குப் பிறகுதான். முள் இரட்டையாக, விறைப்பாக நிற்கும், துணி காயப்போடும் கொடியிலிருந்து தள்ளி வையுங்கள்.