கதையை வரிக்கு வரி தமிழாக்கினால் ஆங்கிலம் எப்படி வரும்?

தமிழ்வழி ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “துணைப்பாடக் கதையை வரிக்கு வரி தமிழில் விளக்குகிறேன். கதை பிடிக்கிறது, ஆங்கிலம் வரவில்லை. பத்தியை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். முழு நாவல் ஒன்றைப் படிக்க வைக்கலாமா?”

நாவல் இப்போதைக்கு வேண்டாம். வரிக்கு வரி தமிழாக்குவதையும் நிறுத்திவிடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல்தான் மாணவரை ஆங்கில வரிக்குள் இழுத்துச் செல்ல வேண்டும். அதைத் தமிழிலேயே தீர்த்துவிட்டால், ஆங்கில வரியைப் படிக்க அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போகிறது.

அகராதியின் துணையின்றிக் கதையை ரசிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது, சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் மார்செல்லா ஹூவுடன் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 250 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால், அந்த நூல் அந்த மாணவருக்கு இன்னும் உரியதன்று. சாதாரண நாவலுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படுகின்றன. சொல் அளவைக் கட்டுப்படுத்தி எழுதப்படும் ‘கிரேடட் ரீடர்’ நூல்கள் இதற்காகவே உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையின் முதல் படி 400 அடிப்படைச் சொற்களில் தொடங்கி, ஆறாம் படியில் 2,500ஐ எட்டுகிறது. இந்த முறைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையான மைக்கேல் வெஸ்ட், 1920களில் டாக்காவில் வங்காள மாணவர்களுக்காகத்தான் அதை உருவாக்கினார் என்பதை நம் ஆசிரியர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் என்ன செய்வது? கதையைப் பாதியில் நிறுத்தி, ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் புறப்படும் அண்ணனைப் பார்க்க ஒரு பெண் ஓடிவரும் கதை என்று வைத்துக்கொள்வோம். ‘வென் ஷி ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்’ என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, ‘அவள் அண்ணனைப் பார்த்தாளா?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு ‘ஹேட்’ என்பதை அழித்துவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். முதல் வாக்கியத்தில் வண்டி போயிருந்தது. இரண்டாவதில் அவள் வந்து சேர்ந்ததும்தான் வண்டி புறப்பட்டது, அண்ணனின் முகத்தையாவது ஜன்னலில் பார்த்திருக்கலாம். ஒரு சின்னச் சொல் அந்தச் சந்திப்பையே முடிவு செய்கிறது என்று புரிந்துகொள்ளும் மாணவருக்கு, இலக்கண விதியைத் தனியாக எழுதிப்போட வேண்டிய தேவை மிகக் குறைவு. தமிழை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை: ‘போனது’, ‘போயிருந்தது’ என்ற வேறுபாட்டை மாணவர்களே தம் மொழியிலிருந்து எடுத்துச் சொல்லட்டும்.

இதோடு, வாரத்தில் ஒரு பாடவேளையாவது அவரவர் தேர்ந்தெடுத்த நூலை அமைதியாகப் படிக்க விடுங்கள். 1980இல் ஃபிஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 கதைப்புத்தகங்கள் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியரோடு சேர்ந்து படித்தவர்கள், தாமாகவே அமைதியாகப் படித்தவர்கள் என இரு சாராரும், வழக்கமான பயிற்சிப் பாடங்களை மட்டும் படித்தவர்களைவிட ஆங்கில வாசிப்பில் முந்தினார்கள்.

அந்தப் பாடவேளையில் கேள்வி கேட்காதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். நீங்களும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் அமர்ந்து படியுங்கள். படித்த நூலையே மறுபடி கேட்கும் மாணவரைத் தடுக்க வேண்டாம். இரண்டாம் முறை கதை தெரிந்திருப்பதால், அவர் கண் வாக்கியங்களின் மீது நிற்கும்.